மாலைதீவுக் கப்பலுக்கு எத்தனை மில்லிமீற்றர் வெட்சூட்? மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கான ஓர் ஒப்பீடு

வரும் பெப்ரவரியில் மாலைதீவுக் கடலில் ஏழு இரவுகள் கப்பலிலேயே தங்கிச் சுழியோடுவதற்கு எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் இடம் பதிந்திருக்கிறோம்: நான், அக்காவின் மகன், அவனுடைய மனைவி. கட்டணத்தைச் செலுத்தி, விமானச் சீட்டையும் எடுத்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் தீராமல் நின்றது. குளிரைத் தடுக்கச் சுழியோடிகள் அணியும் இறப்பர் நுரை உடையான வெட்சூட்டை எந்தத் தடிப்பில் எடுத்துச் செல்வது? அரைக்கை, அரைக்கால் சூட் போதுமா, மூன்று மில்லிமீற்றரில் முழுச் சூட் வேண்டுமா, அல்லது ஐந்துக்குப் போய்விடுவதா? ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில், வெளியே பனிமூட்டம் கதவு வரை வந்து நின்ற ஒரு மாலையில், மருமகன் தன் தீர்ப்பை ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

“மாமா, நாங்க மார்கழிக் குளிருல பீலித் தண்ணியில குளிச்சு வளந்தவங்க. இருபத்தெட்டு டிகிரி தண்ணிக்கு எதுக்கு மாமா வெட்சூட்?”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினான். சுழியோடத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படியே நம்பியிருந்தேன். மலையகத்திலிருந்து கடலுக்கு இறங்குகிற பலரிடம் இந்த நம்பிக்கையைக் கண்டிருப்பதால், தடிப்புகளை ஒப்பிடுவதற்கு முன் இதைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

பீலித் தண்ணீர் குளிர்ந்ததுதான். ஆனால் அதன் கீழ் நாம் நிற்பது இரண்டு மூன்று நிமிடங்கள். உடனே துவட்டிக்கொள்கிறோம், கம்பளியைப் போர்த்துகிறோம், அடுப்பங்கரையில் குந்தி ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடிக்கிறோம். தோலுக்குத்தான் அந்தக் குளிர் தெரியும். உடலின் உட்பகுதி வரை அது போவதில்லை. சுழியோட்டத்தில் நடப்பது வேறு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. வெற்றுடம்போடு அசையாமல் இருக்கும் ஒருவர் வெப்பத்தை இழக்காமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் 33 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். 28 பாகைத் தண்ணீர் கையை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாகத் தெரிகிறது; அதிலே ஒரு மணி நேரம் இருந்தால் உடல் தொடர்ந்து வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கப்பலில் தங்கிச் சுழியோடும்போது அந்த ஒரு மணி நேரம் நாளுக்கு மூன்று, சில நாட்களில் நான்கு முறை வருகிறது. அப்படியே ஐந்தாறு நாட்கள் தொடர்கிறது.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் உடை ஏதுமின்றித்தான் இறங்கினார்கள் என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். சலாபம் என்ற அந்த முத்துக்குளிப்பு நடந்தது மார்ச், ஏப்ரல் மாதங்களில், கடல் அமைதியாகவும் சூடாகவும் இருக்கும் காலத்தில். கல்லைக் காலில் கட்டி இறங்கியவர் ஒரு மூச்சு நேரமே கீழே இருந்தார். பின்பு மேலே வந்து வெயிலில் இளைப்பாறினார். அந்தக் கணக்கை ஒரு மணி நேரம் தொடர்ந்து கீழே இருக்கும் நம்மோடு பொருத்த முடியாது. குளிருக்கு உடல் பழகிக்கொள்வது என்ற ஒன்று இல்லாமலும் இல்லை. தென் கொரியாவின் ஜெஜு தீவில் மூச்சடக்கிச் சிப்பியெடுக்கும் ஹேன்யோ பெண்கள் 1970களின் நடுப்பகுதி வரை மெல்லிய பருத்தி உடையோடு குளிர்காலக் கடலிலும் இறங்கினார்கள். அவர்களின் உடல் குளிருக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருந்ததை உடலியல் ஆய்வாளர்கள் அளந்து பதிந்திருக்கிறார்கள். அவர்கள் வெட்சூட்டுக்கு மாறிய சில ஆண்டுகளிலேயே அந்தத் தன்மை மறைந்துவிட்டது. தினமும் குளிர்ந்த தண்ணீரில் கிடந்து உழைத்துப் பெற்றதே அத்தனை விரைவில் போய்விடுமென்றால், நுவரெலியாக் குளிர்காற்றில் ஸ்வெட்டரோடு நடந்து திரிந்த பழக்கம் கடலுக்கடியில் நமக்கு எதையும் தராது.

இனி சூட்டைப் பார்ப்போம். வெட்சூட் உடலுக்கும் துணிக்கும் இடையில் ஒரு தண்ணீர்ப் படலத்தைப் பிடித்துச் சூடாக்கி வைத்திருப்பதால்தான் குளிரவில்லை என்று பலரும் சொல்வார்கள்; எனக்குக் கற்றுத் தந்தவரும் அப்படித்தான் சொன்னார். அது பாதி உண்மை. குளிரைத் தடுப்பது நியோபிரீன் என்ற அந்த இறப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் எண்ணற்ற நுண்ணிய வாயுக் குமிழிகள்தான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் வெட்சூட்டை உருவாக்கியபோது அவர் கண்டுகொண்டதும் இதுவே: உடல் ஈரமாக இருப்பதில் குற்றமில்லை, துணிக்குள் வாயு இருந்தால் போதும். உள்ளே புகும் தண்ணீர் அசையாமல் நிற்கும் வரை தீங்கு செய்யாது. அது போய் வந்துகொண்டிருந்தால், சூடாக்கிய தண்ணீரை ஒவ்வொரு அசைவிலும் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை வாங்கிக்கொண்டிருப்போம்.

குமிழிகள்தான் காப்பு என்று தெரிந்துகொண்டால் அடுத்த செய்தியும் விளங்கிவிடும். மேற்பரப்பில் ஒரு வளிமண்டல அமுக்கம், 10 மீற்றர் ஆழத்தில் இரண்டு, 30 மீற்றரில் நான்கு. ஆழத்தில் குமிழியின் கனவளவு கால் பங்காகச் சுருங்க முனைகிறது. இறப்பர் அப்படிச் சுருங்குவதில்லை என்பதால் துணி முழுவதும் கால் பங்காகிவிடாது. ஆயினும் மேலே மூன்று மில்லிமீற்றராக இருந்த சூட் 30 மீற்றரில் அதைவிட மிகவும் மெல்லியதாகிவிடுகிறது. கடைக்காரர் சொல்லும் தடிப்பு மேற்பரப்பின் தடிப்பு மட்டுமே. மாலைதீவில் பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்குச் சட்டம் விதித்திருக்கும் எல்லை 30 மீற்றர். கால்வாய் வாய்களில் சுறாக்களைப் பார்க்கப் போகும் சுழியோட்டங்கள் பல அந்த எல்லைக்கு அருகிலேயே நடக்கின்றன. தண்ணீர் சற்றே குளிர்ந்திருக்கும் இடத்தில் சூட்டும் மெலிந்து நிற்கிறது.

மாலைதீவுக் கடலின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 30 பாகை வரை இருக்கும். எந்த விளம்பரத் தாளிலும் இதைக் காணலாம், இது சரியான தகவலும்கூட. ஆனால் குளிரைத் தீர்மானிப்பது இது மட்டுமல்ல என்பதைக் கப்பலில் நான் கண்டுகொண்டேன். அங்கே கந்து என்று சொல்லப்படும் கால்வாய்களில், வெளிக்கடலின் நீர் பவளத் திட்டுகளுக்கிடையே உள்ளே பாய்கிறது. சுழியோடிகள் கால்வாயின் விளிம்பில் பாறையில் ஒரு கொக்கியை மாட்டி, கயிற்றின் நுனியில் பட்டம் போல நீரோட்டத்தில் நிற்பார்கள். கால்கள் உதைப்பதில்லை, தசைகள் உழைப்பதில்லை, உடல் அதிக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓடும் தண்ணீரோ ஒவ்வொரு கணமும் புதிதாக வந்து வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. ஆனைத்திருக்கைகள் உடலைச் சுத்தம் செய்துகொள்ள வரும் பாறைகளின் அருகிலும் இதே கதைதான். அரை மணி நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். வாவு பவளத்தீவுக் கூட்டத்தில் அலிமதா அருகே இரவில் செவிலிச் சுறாக்களைப் பார்ப்பதும் மணலில் முழங்காலிட்டுக் காத்திருக்கும் வேலைதான். நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவைச் சுற்றி நீந்தித் திரியும் சுழியோட்டத்தில் இதே வெப்பநிலையில் குளிர் தெரியாததற்குக் காரணம், அங்கே நாம் ஓயாமல் நீந்திக்கொண்டிருப்பதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு ஒருமுறை இதே போன்ற பயணத்தில், ஐந்தாம் நாளின் மூன்றாவது சுழியோட்டத்தில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தேன். என் கையில் கட்டியிருந்த சுழியோட்டக் கணினி 27 பாகை காட்டியது. நான் அணிந்திருந்தது இரவல் வாங்கிய அரைக்கை, அரைக்கால் சூட். முதல் நாள் அதே உடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுகமாக இருந்தேன். அன்று இருபதாம் நிமிடத்தில் முதுகின் நடுவில் ஒரு கோடு போலக் குளிர் ஏறியது. பின்பு தாடை, நான் நிறுத்த நினைத்தும் நிற்காமல், வாய்க்குழாயின் இறப்பர்ப் பல்லைக் கடித்துக் கடித்து விட்டது. வழிகாட்டி கொக்கியைக் கழற்றும்படி கைகாட்டியபோது என் விரல்கள் கொக்கிக் கயிற்றை விடுவிக்கும் கழற்றியின் வாயைத் திறக்கவில்லை. விரலைப் பார்க்கிறேன், அது கழற்றியின்மேல் இருக்கிறது, அழுத்துவதாக நினைக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் கழற்றிவிட்டார். மேலே ஏறி முடிக்குமுன் ஐந்து மீற்றரில் நிற்க வேண்டிய மூன்று நிமிடப் பாதுகாப்புத் தரிப்பில் நடுங்கிக்கொண்டே நின்றேன். சுழியோடிகளை ஏற்றிச் செல்லும் படகை அங்கேயும் தோணி என்றே சொல்கிறார்கள். அந்தத் தோணியில் ஏறிய பிறகு ஈர உடம்பில் காற்று பட்டதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. முதல் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் தண்ணீரில் வேறுபாடு இல்லை. ஒவ்வொரு சுழியோட்டத்திலும் இழந்ததை அடுத்ததற்குள் உடல் முழுவதுமாக மீட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கடன் ஐந்து நாட்களில் ஏறிவிட்டது.

ஆகவே தடிப்பைத் தேர்வதற்கு நான் வைக்கும் அளவு இது: கடைசி நாளின் கடைசிச் சுழியோட்டத்தில், அசையாமல் நிற்கும் இருபதாம் நிமிடத்தில் எது காக்கும்? முதல் நாள் முதல் சுழியோட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை; அதை எல்லா உடைகளும் தாங்கும்.

இந்த அளவை வைத்துப் பார்த்தால், நீந்துவோர் அணியும் மெல்லிய லைக்ரா உடை முதலிலேயே விலகிவிடும். அது வெயிலிலிருந்தும் நுண்ணிய சொறிமுட்டைகளின் அரிப்பிலிருந்தும் காக்கும், குளிரைத் தடுக்காது. அரைக்கை, அரைக்கால் சூட் மார்பையும் வயிற்றையும் மூடுவதால் கொஞ்சம் உதவும். நாளுக்கு ஒரு சுழியோட்டத்துக்கு நிலாவெளியில் அது நல்ல உடைதான். கப்பலுக்கு அது ஆகாது என்பது என் உறுதியான கருத்து. கைகால்களின் வெறுந்தோல் வழியாக இழக்கும் வெப்பம் ஒருபுறமிருக்க, கழுத்தும் கைவழியும் கால்வழியும் அகலமாக இருப்பதால் தண்ணீர் அதிகம் போய்வரும். பவளத்திலும் பாறையிலும் முழங்கால் உரசினால் அந்தக் காயம் ஈரத்திலேயே இருந்து ஒரு வாரத்துக்கு ஆறாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மில்லிமீற்றர் முழுச் சூட்டே மாலைதீவுக்கு வழக்கமானது. கப்பல்களில் வாடகைக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். அணிவது எளிது, தோளும் முழங்கையும் தடையின்றி அசையும், காலை ஆறு மணிக்கு அவிழ்த்துப்போட்ட சூட் பத்து மணிக்குள் ஓரளவாவது காய்ந்திருக்கும். இந்தக் கடைசிச் செய்தி சிறியதாகத் தோன்றலாம். நனைந்த சூட்டைக் காலைக் காற்றில் உடம்பில் ஏற்றும் அந்த ஐந்து நிமிடங்களில் வெப்பம் இறங்கத் தொடங்கிவிடுகிறது என்பதால், காய்ந்த மூன்று மில்லிமீற்றர் சூட்டை நனைந்த ஐந்தைவிட நான் விரும்பிய காலைகள் உண்டு. சதைப்பிடிப்பான உடலும் எளிதில் குளிராத இயல்பும் உள்ளவர்களுக்கு இந்த ஒரு சூட் ஒரு வாரத்துக்குப் போதும். மெலிந்தவர்களுக்கும், நான்காம் சுழியோட்டத்தையும் விடாமல் இறங்குகிறவர்களுக்கும், நாற்பது வயதைத் தாண்டி விரல் நுனி விரைவில் சில்லிட்டுப்போகிறவர்களுக்கும் மூன்றாம் நாளுக்குப் பிறகு இது எட்டாது.

ஐந்து மில்லிமீற்றர் சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் “எதற்கும் தடிப்பாக எடுப்போமே” என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பாதுகாப்பான வழி. அது கூடுதல் வெப்பத்தைத் தரும் என்பதில் ஐயமில்லை. 30 மீற்றரில் ஒடுங்கிய பிறகும் அதில் எஞ்சும் காப்பு மூன்றைவிடத் தெளிவாகவே அதிகம். பல ஐந்து மில்லிமீற்றர் சூட்டுகளின் தையல்களும் நல்லவை: துணியின் ஓரங்களை ஒட்டி, ஊசி மறுபக்கம் வராமல் பாதித் தடிப்பிலேயே தைத்திருப்பார்கள். மெல்லிய சூட்டுகளில் ஊசி இருபக்கமும் துளைத்துச் செல்லும் தட்டையான தையல் சாதாரணம். அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வழி. வாங்கும்போது சூட்டை உட்புறம் திருப்பி, தையற்கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழுத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு விலையாகக் கொடுப்பது மிதப்புக் கட்டுப்பாட்டை. தடிப்புக் கூடினால் வாயு கூடும், வாயு கூடினால் மிதப்புக் கூடும், அதை அடக்க இடுப்பில் இன்னும் ஒன்று, இரண்டு கிலோ ஈயம் கட்ட வேண்டும். கீழே போனதும் சூட் ஒடுங்கி அந்த மிதப்புப் போய்விடும், ஈயம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே மிதப்புச் சட்டைக்குள் காற்றை ஏற்ற வேண்டும். ஏறி வரும்போது சூட்டும் சட்டையும் ஒன்றாக விரியும், இரண்டையும் சமாளித்துக் காற்றை விட வேண்டும். ஐம்பது சுழியோட்டங்களுக்குக் குறைந்த அனுபவம் உள்ளவர் நீரோட்டத்தில் பாதுகாப்புத் தரிப்பை ஐந்து மீற்றரில் பிடித்து நிற்கத் தடுமாறுவதற்கு இது பெரிய காரணம் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அத்தோடு, பிப்ரவரி வெயிலில் தோணியில் முழு உபகரணத்தோடு இருபது நிமிடம் காத்திருக்கும்போது ஐந்து மில்லிமீற்றர் சூட்டுக்குள் உடல் வியர்த்து நீரை இழக்கும். நீர்ச்சத்துக் குறைந்த உடலோடு கீழே போவது நல்லதல்ல. முதுகு ஸிப்பைப் பாதி திறந்து வைத்திருந்து, குதிப்பதற்குச் சற்று முன் மூடிக்கொள்வதால் இதைக் குறைக்கலாம்.

இந்த இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, என் தேர்வு அதுதான். மூன்று மில்லிமீற்றர் முழுச் சூட்டோடு, தலைமூடி தைத்த இரண்டு மில்லிமீற்றர் உட்சட்டை ஒன்றைத் தனியாக எடுத்துச் செல்வது. உட்சட்டை கையில்லாதது, மார்பு, வயிறு, முதுகு ஆகியவற்றை மூடி, கழுத்தைத் தாண்டித் தலையையும் மூடும். வெப்பம் மிக வேண்டிய இடத்தில் மட்டும் தடிப்பு ஐந்தாகிறது, தோளும் கையும் மூன்றாகவே இருந்து இலகுவாக அசைகின்றன. இதைவிடப் பெரிய பயன் கழுத்தில் இருக்கிறது. பெரும்பாலான சூட்டுகளில் தண்ணீர் உள்ளே புகும் முதல் வாசல் கழுத்துப் பட்டிதான். தலைமூடியின் விரிந்த அடிப்பகுதி சூட்டுக்குள் போய் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. முதல் இரண்டு நாட்கள் உட்சட்டை பைக்குள் இருக்கட்டும். மூன்றாம் நாளோ, இரவுச் சுழியோட்டத்துக்கோ, கொக்கியில் நிற்கப்போகும் காலைக்கோ எடுத்து அணியலாம். ஐந்து மில்லிமீற்றர் சூட்டை எடுத்தவருக்கு இந்தத் தெரிவு இல்லை. முதல் நாளும் ஐந்துதான், கடைசி நாளும் ஐந்துதான். ஒரு குறை, தலைமூடிக்குப் பழகாதவர்களுக்கு முதலில் மூச்சு முட்டுவது போலிருக்கும், காதில் தண்ணீர் போகாமல் அடைபட்டு அமுக்கத்தைச் சமப்படுத்தவும் சிரமமாகலாம். இறங்குமுன் காதுப் பக்கத்தைச் சற்று விலக்கித் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டால் அது சரியாகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் மாலைதீவுக்கு. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டுக்கும் இதே கணக்குப் பொருந்தும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில் மேற்பரப்பு இதே வெப்பத்தில் இருந்தாலும் ஆழத்திலிருந்து குளிர்நீர் திடீரெனப் பொங்கி ஏறுவது உண்டு. செங்கடலில் பெப்ரவரியில் தண்ணீர் 22 பாகை அளவுக்கு இறங்கிவிடும், அங்கே குறைந்தது ஐந்து, அதன்மேல் தலைமூடி. கொமோடோவின் வடக்கில் மூன்று போதும், தெற்கில் போதாது. கலாபகோஸ் தீவுகளின் மேற்குப் பகுதிக்கு ஏழு மில்லிமீற்றர் இல்லாமல் யாரும் போகக் கூடாது. பூமத்திய ரேகையில் இருக்கிறதே என்று எண்ணி மெல்லிய சூட்டோடு போனால், கப்பல் கட்டணம் முழுவதும் மேல்தளத்தில் போர்வைக்குள் கழிந்துவிடும்.

தடிப்பைவிடப் பொருத்தம் முக்கியம். தொளதொளத்த ஐந்து மில்லிமீற்றர் சூட், உடம்போடு ஒட்டிய மூன்றிடம் தோற்றுப்போகும். எனக்குத் தெரிந்து மலையகத்தில் வெட்சூட் விற்கும் கடை இல்லை. கொழும்புக்கு ஒருமுறை போய் அணிந்து பார்த்து வாங்குவது, அளவுகளை நம்பித் தபாலில் வரவழைப்பதைவிட எவ்வளவோ மேல். அணிந்ததும் நிமிர்ந்து நின்று, இடுப்பின் பின்பக்கத்தில் முதுகு வளையும் பள்ளத்தை இன்னொருவரிடம் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். துணியைக் கையால் கிள்ளித் தூக்க முடிந்தால் அங்கே தண்ணீர் தங்கும். அக்குளிலும் கால் கவட்டிலும் இடைவெளி இருக்கக் கூடாது. குந்தி எழுந்து, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, ஆழமாக மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். மூச்சு தடைபட்டால் அது அளவுக்கு மீறி இறுக்கம். கடையில் சற்று இறுக்கமாகத் தெரிவது தண்ணீருக்குள் சரியாகிவிடும், கடையில் சுகமாக இருப்பது தண்ணீருக்குள் தளர்ந்துவிடும். பழைய சூட்டை இரவலாக வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நூற்றுக்கணக்கான முறை ஆழத்தில் நசுங்கிய குமிழிகள் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஐந்து என்று முத்திரை குத்திய சூட் விரலுக்கிடையில் தட்டையாக, அட்டை போல இருந்தால் அதை ஐந்தாக எண்ணக் கூடாது.

கண்டியிலோ வேறெங்கோ நீச்சல் குளத்தில் சூட்டை ஒத்திகை பார்ப்பவர்கள், அங்கே கட்டிய ஈயத்தின் அளவைக் கடலுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தியானது. உபகரணத்தோடு 100 கிலோ இருக்கும் ஒருவருக்குக் கடலில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கூடுதலாக வேண்டும். குளத்தில் சரியாக இருந்தவர் மாலைதீவில் முதல் நாள் இறங்க முடியாமல் மேலே மிதந்து தத்தளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

குளிருக்கும், ஏறும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வரும் அழுத்த நோய்க்கும் உள்ள தொடர்பையும் விட்டுவிட முடியாது. கீழே இருக்கும்போது உடலில் கரையும் நைதரசன், ஏறும்போது இரத்த ஓட்டத்தின் வழியேதான் வெளியேற வேண்டும். உடல் குளிர்ந்தால் கைகால்களுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, அங்கே கரைந்த வாயு வெளியேறுவதும் தாமதமாகிறது. கீழே சூடாக இருந்து, ஏறும் நேரத்திலும் தரிப்பிலும் குளிர்ந்து நடுங்குவதுதான் மோசமான வரிசை. மெல்லிய சூட் அணிந்தவருக்குச் சுழியோட்டத்தின் முடிவில் நேர்வதும் அதுவே. நடுக்கம் தொடங்கினால் அந்தச் சுழியோட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டும், அடுத்ததையும் விட்டுவிடலாம்.

உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறைந்து இந்தக் குமிழிகள் உண்டாவது எளிதாகிவிடும் என்பதால், மலையகத்தவருக்கென்று இதில் இன்னொரு கவனம் இருக்கிறது. பல நாட்கள் தொடர்ந்து சுழியோடியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது சுழியோடிகளின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வேர்க்கின் வழிகாட்டல். ஒரு முழு நாள் விடுவது இன்னும் நல்லது. அந்த வழிகாட்டல் 2,000 முதல் 8,000 அடி வரையான உயரத்தின் வளியமுக்கத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. நுவரெலியா 1,868 மீற்றரில், அதாவது 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றரைத் தொடும் ஊர்கள். மாலைதீவிலிருந்து வருகிறவர்கள் விமானத்துக்காக எப்படியும் காத்திருந்துவிடுகிறார்கள். திருகோணமலையில் காலையில் இரண்டு முறை சுழியோடிவிட்டு மாலையில் வேன் பிடித்து மலை ஏறுகிறவர்கள்தான் இதை மறந்துவிடுகிறார்கள். அவர்களின் வீட்டு வாசலே அந்த வழிகாட்டல் சொல்லும் உயரத்துக்குள் இருக்கிறது.

சூட்டை எங்கள் ஊரில் காயவைப்பதும் ஒரு பாடுதான். மூன்று மில்லிமீற்றர் சூட் மழையில்லாத நாளில் ஒன்றரை நாளில் காய்கிறது. ஐந்து, பனிமூட்டக் காலத்தில் மூன்று நாட்களுக்கு மேல் எடுக்கிறது, காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். முதன்முதலில் சொந்தமாக வாங்கிய சூட்டை, கம்பளியையும் படங்கையும் காயப்போடுவது போலவே அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் தொங்கவிட்டேன். இரண்டு இரவுகளில் முழங்கால் பகுதி மொறமொறத்து, ஒட்டிய தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. இப்போது நன்னீரில் அலசி, தடித்த தோளுள்ள தாங்கியில் மாட்டி, காற்று வரும் தாழ்வாரத்தில், முதலில் உட்புறம் வெளியே இருக்கத் தொங்கவிடுகிறேன்.

இத்தனையும் பேசி முடித்த பிறகு எங்கள் மூவருக்கும் ஒரே தீர்வு வரவில்லை, வரவும் கூடாது. மருமகன் உடற்கட்டு உள்ளவன், முப்பதைத் தாண்டாதவன்; அவனுக்கு மூன்று மில்லிமீற்றர் முழுச் சூட் மட்டும். அவன் தலைமூடி வேண்டாம் என்றான், நானும் வற்புறுத்தவில்லை. கப்பலில் வாடகைக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவன் மனைவி ஒல்லியானவள். நிலாவெளியில் மே மாதத்திலேயே நாற்பதாம் நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள். “மாமா, எனக்கு ரெண்டு நாளைக்குப் பிறகு குளிரும்னு எனக்கே தெரியும். அவருக்குச் சொல்லத்தான் கூச்சம்” என்று கணவன் எழுந்து போன பிறகு என்னிடம் சொன்னாள். அவளுக்குப் பெண்களுக்கென்று வெட்டித் தைத்த ஐந்து மில்லிமீற்றர் சூட். இதுவரை எழுபது சுழியோட்டங்களுக்கு மேல் செய்திருக்கிறாள், மிதப்பை நன்றாகக் கையாள்கிறாள், ஆகவே கூடுதல் ஈயம் அவளுக்குத் தொல்லையாகாது. எனக்கு மூன்று மில்லிமீற்றர் சூட்டும் உட்சட்டையும்.

முதல் நாள் மாலைச் சுழியோட்டத்தில் மூவரும் ஈயத்தைச் சரிபார்ப்போம். சிலிண்டரில் 50 பார் அமுக்கத்தில் காற்று எஞ்சியிருக்கும்போது, ஐந்து மீற்றரில், சட்டையிலிருந்த காற்று முழுவதையும் விட்டுவிட்டு அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. உட்சட்டையைச் சேர்த்து அணியும் நாளில் எனக்கு இன்னும் ஒரு கிலோ வேண்டியிருக்கும். அந்த எண்ணைப் பயணக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.